பதினெட்டு மாதம் காத்திருந்த நாற்காலி

1839-ம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சில்லிகாத்தி என்ற ஊரில் ஒரு வழக்கு நடந்தது. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை, அவனை வளர்த்துவந்த வெள்ளைக்காரக் குடும்பம் தங்களோடு மிசௌரி மாநிலத்துக்கு அழைத்துப் போகலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு. குடும்பம் நல்ல குடும்பம். சொந்தப் பிள்ளையைப் போலத்தான் வளர்த்தார்கள். ஆனால், மிசௌரியில் அடிமைமுறை சட்டப்படி நடப்பில் இருந்தது. தாய்வழியில் கறுப்பினத்தைச் சேர்ந்த ஒரு பிள்ளை அந்த மண்ணில் கால்வைத்தால், அவனுடைய சுதந்திரத்துக்கும் தகப்பன் எழுதிவைத்த சொத்துக்கும் யார் காவல்? அவனுடைய தாய்வழி அண்ணன் வில்லியம் இந்தக் கேள்வியோடு நீதிமன்றம் போனார். நீதிமன்றம் பையனை ஒஹையோவிலேயே நிறுத்திவைத்தது.

அந்தப் பையன்தான் ஜான் மெர்சர் லாங்ஸ்டன். பின்னாளில் ஒஹையோவின் முதல் கறுப்பின வழக்கறிஞர்; வர்ஜீனியா மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பின உறுப்பினர்; இன்று வர்ஜீனியா மாநிலப் பல்கலைக்கழகம் என்று வளர்ந்து நிற்கும் நிறுவனத்தின் முதல் தலைவர். சட்டம் என்ற ஒன்று மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை ஒன்பது வயதிலேயே அவர் பார்த்துவிட்டார்.

பண்ணையார் மகன்

1829 டிசம்பர் 14 அன்று வர்ஜீனியாவின் லூயிசா மாவட்டத்தில் பிறந்தார் லாங்ஸ்டன். தந்தை ரால்ஃப் குவார்ல்ஸ் வெள்ளைக்காரப் பண்ணையார். தாய் லூசி ஜேன் லாங்ஸ்டன், அந்தப் பண்ணையில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். கறுப்பின வழியும் அமெரிக்கப் பழங்குடி வழியும் கலந்தவர். இருவரும் சட்டப்படி மணந்துகொள்ள முடியாது. அப்படியொரு திருமணத்தை வர்ஜீனியாவின் சட்டம் ஏற்கவில்லை. லூசியை 1806-லேயே குவார்ல்ஸ் விடுவித்திருந்ததால், அதன்பின் பிறந்த பிள்ளைகள் சுதந்திரப் பிள்ளைகள். அன்றைய சட்டத்தில் பிள்ளை தாயைத்தான் சேரும். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தாய் சுதந்திரமானவர் என்றால் பிள்ளைக்கும் சுதந்திரம்.

1834-ல் தாய், தந்தை இருவரும் இறந்துபோனார்கள். அப்போது ஜானுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. குவார்ல்ஸ் தன் சொத்தில் பெரும் பங்கை மகன்கள் கிடியன், சார்லஸ், ஜான் மூவருக்கும் உயில் எழுதிவைத்திருந்தார். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொள்ள முழுத் துணி இல்லை. அவர்களோடு ஒப்பிட்டால் லாங்ஸ்டன் கையில் படிப்புக்குக் காசு இருந்தது. ஆனால், காசு இருந்தும் படிக்கவிட்டார்களா என்று பார்த்தால்தான் அந்த நாட்டின் லட்சணம் தெரியும்.

அவர் பிறந்த வர்ஜீனியாவில், சுதந்திரமான கறுப்பின மக்கள் எழுதப் படிக்கக் கற்பதற்காக ஒன்றுகூடுவதையே 1831-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பிள்ளைகள் பிழைக்கப் போன ஒஹையோவில் அடிமைமுறை கிடையாது. அதற்காக அது சமத்துவ பூமி என்று நினைத்துவிட வேண்டாம். குடியேற வரும் கறுப்பினத்தவர் சுதந்திரமானவர் என்பதற்குச் சான்றிதழும் 500 டாலருக்கு ஜாமீனும் காட்ட வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்தது. வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. கண்ணெதிரே கொலை நடந்தாலும் கண்டவர் கறுப்பர் என்றால் அந்தச் சாட்சி செல்லாது.

1841-ல் படிப்புக்காக சின்சினாட்டி நகரில் தங்கியிருந்தபோது இன்னொன்றையும் பார்த்தார். வெள்ளைக் கும்பல் ஒன்று பீரங்கியை இழுத்துவந்து கறுப்பினக் குடியிருப்பைத் தாக்கியது. அரசு என்ன செய்தது தெரியுமா? பாதுகாப்பு என்ற பெயரில் கறுப்பின ஆண்களையே பிடித்துச் சிறையில் அடைத்தது. வீடும் போனது, காவலுக்கு இருந்த ஆம்பிளைகளும் போனார்கள். கலவரம் நடந்த பிறகு காவல்துறை முதலில் எந்தத் தெருவுக்குள் நுழையும் என்பது நம் சேரிகளில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போது லாங்ஸ்டனுக்கு வயது 11.

எந்தக் கல்லூரியும் வேண்டாம் என்றது

ஓபர்லின் என்ற சிற்றூரில் 1833-ல் தொடங்கிய கல்லூரி ஒன்று, 1835 முதல் கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே முதலில் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகள் லாங்ஸ்டனின் அண்ணன்களான கிடியனும் சார்லஸும். 1844-ல் 14 வயதில் ஜானும் சேர்ந்தார். 1849-ல் இளங்கலைப் பட்டமும், 1852-ல் இறையியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அவருக்கு விருப்பம் சட்டத்தில்தான்.

நியூயார்க் மாநிலத்தில் பால்ஸ்டன் ஸ்பா என்ற ஊரில் ஒரு சட்டப் பள்ளி இருந்தது. விண்ணப்பித்தார், கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்றார்கள். ஒரு வழி மட்டும் சொன்னார்கள். நிறம் வெளுத்துத்தானே இருக்கிறது, பிரெஞ்சுக்காரர் என்றோ ஸ்பானியர் என்றோ சொல்லிக்கொண்டு சேர்ந்துவிடலாமே என்றார்கள். லாங்ஸ்டன் மறுத்துவிட்டார். சாதியை மறைத்து வாடகை வீடு பிடித்தவர்களும், விடுதியில் ஊர்ப்பெயரை மாற்றிச் சொன்னவர்களும் நம்மில் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, பிழைப்பு அப்படி. ஆனால், 20 வயதைக் கடந்த ஓர் இளைஞர், கேட்டவர்களே கதவைத் திறந்து வைத்த பிறகும் பொய்ப் பெயரில் உள்ளே போக மாட்டேன் என்றது சாதாரணம் இல்லை. சின்சினாட்டி சட்டப் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை.

கடைசியில், எலிரியா என்ற ஊரில் அடிமைமுறையை எதிர்த்துவந்த வழக்கறிஞர் ஃபிலிமன் பிளிஸ் தன் அலுவலகத்திலேயே வைத்துப் படிப்பித்தார். 1854-ல் தேர்வுக் குழுவின் முன் போய் நின்றார் லாங்ஸ்டன். சட்ட அறிவில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால், ஒஹையோ சட்டப்படி வெள்ளையர் மட்டும்தான் வழக்கறிஞர் ஆகலாம் என்ற சிக்கல் எழுந்தது. குழு ஒரு கணக்குப் போட்டது. பாதிக்கு மேல் வெள்ளை ரத்தம் உள்ளவரை வெள்ளையராகக் கருதலாம் என்று அந்த மாநில நீதிமன்றத் தீர்ப்புகள் இருந்தன. அதைக்கொண்டு அவரை அனுமதித்தார்கள். மனிதனை மனிதனாக ஏற்காமல் ரத்தத்தை அளந்து ஏற்ற கதை இது. பொய்ச் சொல்லிச் சேர மறுத்தவரை, அவரைக் கேட்காமலேயே சட்டம் வெள்ளையராக்கி உள்ளே விட்டது.

அதே ஆண்டு, ஓபர்லினில் படித்த கேரலைன் வால் என்ற பெண்ணை மணந்தார். பிரவுன்ஹெம் என்ற கிராமப் பகுதியில் நிலம் வாங்கி விவசாயமும் பார்த்தார், வழக்கும் நடத்தினார். சுற்றுவட்டார வெள்ளை விவசாயிகள்தான் பெரும்பாலும் கட்சிக்காரர்கள். 1855-ல் அந்த ஊர் மக்கள் வாக்களித்து அவரை ஊர் எழுத்தராகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவி சின்னதுதான். நம் ஊராட்சி அலுவலகத்தில் பேரேடு வைத்திருப்பவரின் வேலை போன்றது. ஆனால், அமெரிக்காவில் மக்கள் வாக்குப் பெற்று ஒரு பொதுப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவராக அவரை வரலாறு குறிக்கிறது.

அண்ணன் சிறையில், தம்பி நீதிமன்றத்தில்

1858-ல், கென்டக்கியிலிருந்து தப்பிவந்து ஓபர்லினில் வாழ்ந்த ஜான் பிரைஸ் என்பவரை அடிமை பிடிப்பவர்கள் தந்திரமாகக் கவர்ந்துபோனார்கள். ஊர் திரண்டது. மாணவர், பேராசிரியர், கடைக்காரர், கறுப்பர், வெள்ளையர் என்று கூட்டமாகப் போய் வெலிங்டன் என்ற ஊரில் அவரை மீட்டார்கள். 37 பேர் மேல் வழக்கு. விசாரணைக்கு வந்த இருவரில் ஒருவர் லாங்ஸ்டனின் அண்ணன் சார்லஸ். தண்டனைக்கு முன் நீதிமன்றத்தில் சார்லஸ் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. தண்டனை 20 நாள் சிறை, 100 டாலர் அபராதம் என்று குறைவாக அமைந்ததற்கு அந்த உரையும் காரணம் என்பார்கள்.

தம்பியின் திறமைக்கு 1862-ல் ஒரு சோதனை வந்தது. ஓபர்லினில் படித்த எட்மோனியா லூயிஸ் என்ற மாணவி, கறுப்பினமும் பழங்குடி இனமும் கலந்தவர். உடன் தங்கியிருந்த இரண்டு வெள்ளை மாணவிகளுக்கு அவர் கொடுத்த பானத்தைக் குடித்த பிறகு உடல் நலம் கெட்டது. விஷம் வைத்தார் என்று குற்றச்சாட்டு. வழக்கு நடப்பதற்கு முன்பே ஒரு கும்பல் அந்தப் பெண்ணை இரவில் இழுத்துப்போய் அடித்து வயலில் போட்டுவிட்டது. லாங்ஸ்டன் அவருக்காக வாதாடினார். உணர்ச்சி பொங்கப் பேசி அனுதாபம் தேடும் வழியை மட்டும் அவர் நம்பவில்லை. விஷம் என்று சொல்கிறீர்கள், அதைச் சோதித்துப் பார்த்தீர்களா, மாணவிகளின் வயிற்றிலிருந்து வெளிவந்ததை யாராவது ஆய்வு செய்தார்களா என்ற இடத்தில் பிடித்தார். யாரும் செய்யவில்லை. குற்றம் நடந்தது என்பதற்கே சான்று இல்லாதபோது குற்றவாளி எங்கிருந்து வருவார்? எட்மோனியா விடுவிக்கப்பட்டார். பிற்பாடு ரோம் நகரில் குடியேறி, உலகம் அறிந்த சிற்பியானார். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த வழக்கைத் தேடிப் படிக்க வேண்டும்.

உள்நாட்டுப் போர் வந்ததும் கறுப்பினப் படைப்பிரிவுகளுக்கு ஆள் திரட்டினார். 1864-ல் தொடங்கிய தேசிய சம உரிமைக் கழகத்துக்குத் தலைவரானார். போர் முடிந்ததும் விடுதலை பெற்ற மக்களுக்கான பள்ளிகளை மேற்பார்வையிடும் பணி கிடைத்தது. தென் மாநிலங்கள் முழுக்கச் சுற்றினார்.

ஆறு மாணவர்களோடு ஒரு சட்டத் துறை

1869 தொடக்கத்தில், வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டத் துறை தொடங்கியது. ஆறே மாணவர்கள். மாலை நேரத்தில், ஆசிரியர்களின் வீட்டிலும் அலுவலகத்திலும் வகுப்பு. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் படிக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. அதன் முதல் புலத்தலைவர் லாங்ஸ்டன். தன்னைச் சேர்க்க மறுத்த பள்ளிகளுக்கு எதிரே தானே ஒரு பள்ளி அமைத்துவிட்டார் என்று சொல்லலாம். 1872-ல் அங்கிருந்து பட்டம் பெற்று வெளிவந்த சார்லட் ரே, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர். இதே துறையில் படித்து 1933-ல் பட்டம் பெற்றவர்தான் தர்குட் மார்ஷல். பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்துவைப்பது செல்லாது என்ற 1954 தீர்ப்பை வாதாடிப் பெற்றவர். பின்னர் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

1873 இறுதியில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் பொறுப்புத் தலைவராகவும் ஆனார். இதே 1873-ல்தான் புனேயில் ஜோதிராவ் பூலே தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஆனால், விடுதலை பெற்றவர்களின் பெயரால் நடந்த அந்தப் பல்கலைக்கழகமே ஒரு கறுப்பினத்தவரை நிரந்தரத் தலைவராக்கத் தயாராக இல்லை. பொறுப்பைச் சுமக்க அவர் வேண்டும், பதவியில் அமர்த்த வேண்டாம். வெள்ளையர் நிறைந்த நிர்வாகக் குழு அவரைத் தாண்டிப் போனது. 1875-ல் விலகினார். ஹோவர்டுக்கு ஒரு கறுப்பினத் தலைவர் கிடைக்க 1926 வரை ஆனது. ‘பொறுப்பு’ என்ற சொல்லை நம் அலுவலகங்களில் யாருக்கு முன்னால் போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1877 முதல் 1885 வரை ஹெய்தி நாட்டில் அமெரிக்கத் தூதர். நடுவில் அரசு அவருடைய ஆண்டுச் சம்பளத்தை 7,500 டாலரிலிருந்து 5,000 டாலராகக் குறைத்தது. சட்டம் சொன்ன சம்பளத்தை நிதி ஒதுக்கீட்டின் வழியாகக் குறைக்க முடியாது என்று வழக்குப் போட்டார். 1886-ல் உச்ச நீதிமன்றம்வரை போய் அரசையே தோற்கடித்தார்.

பீட்டர்ஸ்பர்க் கல்லூரி

1885-ல் பிறந்த மாநிலம் அவரைக் கூப்பிட்டது. வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரை ஒட்டிய குன்றின் மேல் ‘வர்ஜீனியா நார்மல் அண்ட் காலேஜியட் இன்ஸ்டிட்யூட்’ என்ற கல்வி நிறுவனம் நடந்துவந்தது. ஆல்ஃப்ரட் ஹாரிஸ் என்ற கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவால் 1882-ல் உருவானது. முதல் ஆண்டில் 126 மாணவர்கள், ஏழு ஆசிரியர்கள், ஒரே கட்டிடம், 33 ஏக்கர் நிலம், 200 புத்தகங்கள் கொண்ட நூலகம். ஏழு ஆசிரியர்களும் கறுப்பினத்தவர்கள். செலவு முழுக்க மாநில அரசுடையது. அதன் முதல் தலைவராக லாங்ஸ்டன் பொறுப்பேற்றார்.

பெயரிலேயே இரண்டு வேலை இருக்கிறது. ‘நார்மல்’ என்றால் பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சி. ‘காலேஜியட்’ என்றால் முழுமையான உயர்கல்வி. முதல் வேலையை வெள்ளை ஆட்சியாளர்கள் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாவது அவர்கள் கண்ணை உறுத்தியது. கறுப்பினப் பிள்ளை தச்சும் கொல்லும் கற்கட்டும், தையல் கற்கட்டும், லத்தீனும் கணிதமும் எதற்கு என்ற பேச்சு அன்றைக்கு ஊரெங்கும் உண்டு. கைத்தொழில் படிப்பு இழிவில்லை. ஆனால், ஒரு சாதிக்கு மட்டும் அதுதான் என்று அடுத்தவர் தீர்மானிக்கும்போது அதன் பெயர் வேறு.

லாங்ஸ்டன் இரண்டு ஆண்டு போலத்தான் அங்கே இருந்தார். மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி ஆட்சியைப் பிடித்திருந்தது. அன்றைக்கு அது தெற்கத்தி வெள்ளையரின் கட்சி. நிர்வாகக் குழுவும் அவர்கள் கைக்குப் போனது. 1887-ல் அவர் வெளியேற வேண்டியிருந்தது. அவர் இறந்த பிறகு, 1902-ல், சட்டமன்றம் அந்த நிறுவனத்தின் கல்லூரிப் படிப்பைச் சுருக்கி, பெயரிலிருந்த ‘காலேஜியட்’டை எடுத்துவிட்டு ‘இண்டஸ்ட்ரியல்’ என்று போட்டது. கல்லூரிப் படிப்பை மீட்கப் பின்னால் வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

இரண்டு வரிசை

பதவி போனவர் வீட்டில் உட்காரவில்லை. 1888-ல் வர்ஜீனியாவின் நான்காவது தொகுதியில் நாடாளுமன்றத்துக்கு நின்றார். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த தொகுதி அது. இருந்தும், அவருடைய குடியரசுக் கட்சியே அவருக்கு இடம் தரவில்லை. மாநிலத்தில் கட்சியைக் கையில் வைத்திருந்த வில்லியம் மஹோன், கறுப்பின வாக்கு வேண்டும், கறுப்பின வேட்பாளர் வேண்டாம் என்பவர். இத்தனைக்கும் பீட்டர்ஸ்பர்க் கல்லூரி உருவானதே மஹோனின் அணி ஆட்சியில் இருந்தபோதுதான். கல்லூரி கொடுத்த கைதான் நாற்காலியை மறுத்தது. பெருந்தலைவர் பிரடெரிக் டக்ளஸும் இந்தத் தேர்தலில் லாங்ஸ்டன் பக்கம் நிற்கவில்லை. அந்த மனவருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்திருக்க வேண்டும்.

சுயேச்சையாக நின்றார். வாக்குச்சாவடிகளில் வெள்ளையருக்கு ஒரு வரிசை, கறுப்பருக்கு ஒரு வரிசை. டீக்கடையில் இரண்டு குவளையைப் பார்த்த நமக்கு இது புரியும். வெள்ளையர் வரிசை மளமளவென்று நகர்ந்தது. கறுப்பர் வரிசையில் ஒவ்வொருவரிடமும் தேவையில்லாத கேள்விகளைக் கேட்டு நேரத்தை இழுத்தார்கள். நேரம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே திரும்பினார்கள். போட்ட வாக்குகளை எண்ணியதிலும் தில்லுமுல்லு. ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் வெனபிள் அறுநூற்றுச் சொச்சம் வாக்குகளில் வென்றதாக அறிவித்தார்கள்.

லாங்ஸ்டன் வழக்கறிஞர் அல்லவா? தேர்தல் நாளுக்கு முன்பே ஊர் ஊராகக் குழுக்கள் அமைத்து ஆட்களைத் தயார் செய்திருந்தார். சாட்சிகளைத் திரட்டி நாடாளுமன்றத்திலேயே முறையிட்டார். விசாரணை இழுத்தது. வாக்கெடுப்பு வரும்போதெல்லாம் ஜனநாயகக் கட்சியினர் அவையைவிட்டு வெளியேறி, போதுமான எண்ணிக்கை இல்லாமல் செய்தார்கள். பதினெட்டு மாதத்துக்கும் மேலாகப் போராடி, 1890 செப்டம்பர் 23 அன்று அவர்தான் வென்றவர் என்று அவை முடிவுசெய்தது. இரண்டாண்டுப் பதவியில் மிச்சமிருந்தது ஆறு மாதத்துக்கும் குறைவு. அதற்குள் அடுத்த தேர்தல், அதில் தோற்றார். 1891 மார்ச் 3-ல் பதவிக்காலம் முடிந்தது.

அந்தச் சில மாதங்களில் அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டுத் தேர்தல்களில் வாக்களிக்க எழுத்தறிவுத் தேர்வு வேண்டும் என்று அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை முன்மொழிந்தார். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே அளவுகோல் வைத்துவிட்டால் மோசடி குறையும், வாக்காளர் எண்ணிக்கையை வெட்டும் மாநிலத்துக்கு உறுப்பினர் இடமும் குறையும் என்பது அவர் கணக்கு. படித்தவர்களுக்கு வரும் மயக்கம் இது. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவன் யார் என்பதை இத்தனை அனுபவப்பட்டவர் எப்படி மறந்தார்? பின்னர் தெற்கு முழுவதும் எழுத்தறிவுத் தேர்வுதான் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்த கருவியானது. அதை ஒழிக்க 1965-ம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் படிப்பு, சொத்து என்று பாராமல் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டது எவ்வளவு தெளிவான கோரிக்கை என்பது இதைப் படிக்கும்போது விளங்குகிறது.

வர்ஜீனியாவிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினராக பாபி ஸ்காட் அவைக்குள் நுழைந்தது 1993-ல். இடையில் கிட்டத்தட்ட 102 ஆண்டுகள்.

லாங்ஸ்டன் 1894-ல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். நான் என்று எழுதாமல், வேறொருவர் கதையைச் சொல்வதுபோல் அவர் என்றே எழுதிப்போன தடித்த புத்தகம் அது. 1897 நவம்பர் 15 அன்று வாஷிங்டனில் காலமானார். ஓக்லஹோமாவில் கறுப்பின மக்கள் உருவாக்கிய ஊர் ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அங்கே உள்ள பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர்தான். சிறைசென்ற அண்ணன் சார்லஸின் மகள் வழிப் பேரன் ஒருவர் குடும்பப் பெயரைத் தன் பெயராகக் கொண்டு கவிஞரானார். பாடநூல்களில் நம் மாணவர்கள் சந்திக்கும் லாங்ஸ்டன் ஹியூஸ் அவர்தான்.